ஏழு சுற்றுத் தண்ணீர்

ஓல்ஷினெக் ஊரின் பைக் பந்தய மைதானத்தில் கூட்டம் ஏன் குறைந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பாதிரியார் தொலைக்காட்சி என்பார். பேக்கரிக்காரி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் ஒட்டுதல் இல்லை என்பாள். தேறிய ஓட்டக்காரர்களையெல்லாம் பெரிய ஊர் கிளப்புகள் கொத்திக்கொண்டு போய்விட்டன என்று பீர் கடையில் பேசிக்கொள்வார்கள், அதுவும் பொய்யில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஊர் மொத்தமும் மைதானத்துக்குத்தான் போகும். நாலு நாலு பைக்குகளாக மண் பாதையில் நாலு சுற்று ஓடுகிற ஸ்பீட்வே பந்தயம் முடிந்து அவர்கள் எழுந்துபோன பிறகு, கொறித்துத் துப்பிய சூரியகாந்தி விதைத்தோல் படிக்கட்டுகளில் கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். இப்போது அதே படிக்கட்டுகளில் பென்ஷன்காரர்கள் சிலர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் காற்று வாங்கியது.

ஆல்டோனாவுக்குக் கூட்டத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. மைதானத்தில் சாசேஜும் டீயும் விற்கிற கடை அவளுடையதுதான் என்றாலும், வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்றிருந்தாள். அவளுடைய பயமெல்லாம் ஒருவனைப் பற்றி. மகன் கொர்னெல். வாரம் முழுக்க ஜன்னல் செய்கிற ஃபேக்டரியில் வேலை, ஞாயிறானால் பிரேக்கே இல்லாத வண்டியில் ஏறிக்கொள்வான். போன ஆகஸ்டில் இரண்டாவது வளைவில் விழுந்து முதுகெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல் விட்டது. நாலு மாதம் படுக்கை. இருபத்து நாலு வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தை போலத் துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு, திருப்பிப் படுக்க வைத்தவள் அவள். உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் ஒவ்வொரு முறை ஊசியால் பாதத்தைக் குத்தும்போதும் அவள் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி ஓட்டப்போகிறான்.

அதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை சாயங்காலம், கிளப் தலைவர் ஜரெம்பா அவர்கள் வீட்டுக்கு வந்தார். வீடு என்றால் கிளப் கொடுத்த குடியிருப்பு, மைதானத்து மதிலை ஒட்டியே இருந்தது. ஆல்டோனாவின் புருஷன் லுத்விக்தான் இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஓடுபாதையைப் பார்த்துக்கொள்கிறவன். மண் கொட்டுவது, உழுவது, பரம்படிப்பது, தண்ணீர் விடுவது எல்லாம் அவன் பொறுப்பு.

"ஆல்டோனா, உன் சூப்பு வாசனை ரோடு வரைக்கும் வருது. ஆனா நான் சாப்பிட வரல" என்றார் ஜரெம்பா, தொப்பியைக் கழற்றிக்கொண்டே.

"அப்ப உக்காந்து நாங்க சாப்பிடறத வேடிக்கை பாருங்க தலைவரே" என்று சொல்லிக்கொண்டே அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். புளித்த ரை தானிய மாவு சூப், அதில் பாதியாய் வெட்டிய அவித்த முட்டை. தலைவர் இரண்டாவது வாயிலேயே முட்டையை முடித்துவிட்டார்.

"விஷயம் இதுதான். நகரசபைலேருந்து நாலு பேரு ஞாயித்துக்கிழமை வராங்க. கூட்டத்த பாத்துட்டு மைதானத்த என்ன பண்றதுன்னு முடிவு எடுப்பாங்களாம். மேயரோட மாப்பிள்ளை அங்க கார் நிறுத்தறதுக்கு வரைபடமே போட்டு வச்சிட்டான்."

"ஊர்ல இருக்கிற கார் எல்லாத்தையும் நிறுத்தினாலும் ஒரு வளைவு கூட ரொம்பாதே" என்றான் கொர்னெல்.

"அத அவன்கிட்ட போய் சொல்லு. லுத்விக், கூட்டம் வரணும்டா. எப்படியாவது வரணும். பலூன் விடலாம்னு என் பொண்டாட்டி சொல்றா. கொழந்தைங்க மூஞ்சில பெயிண்ட் அடிச்சு விடலாமாம். நடுவுல ஒரு பாட்டுக்காரிய கூப்பிடலாம்னு பாக்கறேன்."

"போன வருஷம் வாணவேடிக்கை விட்டீங்க. நம்ம டயர் கொட்டகைதான் எரிஞ்சுது" என்றான் கொர்னெல்.

"அன்னிக்கு மட்டும் நல்ல கூட்டம்டா!" என்றார் தலைவர், ஆதங்கத்தோடு.

லுத்விக் ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றுவிட்டுத்தான் பேசினான். "ஜனங்க பலூன் பாக்கவா வராங்க தலைவரே? நம்ம ட்ராக்கு சிமென்ட் ரோடு மாதிரி கெடக்கு. எல்லா ஊர்லயும் அப்படித்தான் ஆக்கி வச்சிருக்காங்க, பத்திரம் பத்திரம்னு. முதல் வளைவுல எவன் முந்தறானோ அவன் ஜெயிச்சான். மிச்ச சுத்தெல்லாம் ஒருத்தன் பின்னால ஒருத்தன் ஊர்வலம். ஊர்வலம் பாக்கறதுக்கு இங்க எதுக்கு வரணும், சர்ச்சுலயே வருஷா வருஷம் நடக்குதே."

"சரி, என்ன பண்ணலாங்கற?"

"ஆழமா உழுது போடறேன். ஏழு சுத்து தண்ணி விட்டு, பரம்படிச்சு, பொதபொதன்னு வைக்கிறேன். வெளி ஓரத்துல சக்கரத்துக்குப் பிடி கெடைக்கும். பின்னால வரவன் வெளிய சுத்திப் போய் முந்திடுவான். ஒவ்வொரு ஓட்டத்துலயும் நாலு தடவ இடம் மாறும். அத ஒரு தடவ பாத்தவன் அடுத்த வாரம் தம்பியையும் கூட்டிக்கிட்டு வருவான். மருந்து அது ஒண்ணுதான்."

தலைவரின் கண் பளிச்சென்றது. ஆல்டோனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பொதபொதன்னு போட்டா பள்ளம் விழுமே" என்றாள்.

"விழும்."

"பள்ளத்துல வண்டி துள்ளுமே."

"ஓட்டத் தெரிஞ்சவனுக்குத் துள்ளாது."

"போன ஆகஸ்ட்ல விழுந்தவன் ஓட்டத் தெரியாமயா விழுந்தான்?"

"அம்மா" என்றான் கொர்னெல், தட்டைப் பார்த்துக்கொண்டே.

ரெஃப்ரி ஒத்துக்கொள்வாரா என்று தலைவர் மெல்லக் கேட்டார். "நம்ம கடைசி டிவிஷனுக்கு அவர் ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் வருவார். ட்ராக்கு ஒரே சீரா இருக்கான்னு பாப்பார். ஒரே சீராத்தான் இருக்கும்" என்றான் லுத்விக். பேச்சு அதோடு முடிந்தது. தலைவர் இன்னொரு கரண்டி சூப் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தண்ணீர் லாரி கிளம்பிற்று. அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஆல்டோனா காதால் எண்ணினாள். வழக்கமாக இரண்டு சுற்று, வெயில் காலமென்றால் மூன்று. நாலு, ஐந்து என்று போனது. ஆறாவது சுற்றில் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். ஏழு சுற்று முடிந்து லாரி நின்றபோது மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து உழுத வயலின் ஈரவாசம் வந்தது.

எண்ணியது அவள் மட்டுமில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம். லாரி எத்தனை சுற்று போயிற்று என்பதை வைத்தே ஞாயிற்றுக்கிழமை பந்தயம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். பேக்கரியில் அவள் நுழைவதற்குள் செய்தி நுழைந்திருந்தது.

"ஏழாமே ஆல்டோனா? நெசமாவா?" என்று கேட்டாள் பேக்கரிக்காரி. "எங்க வீட்டுக்காரர் எட்டுங்கறார். மழை கோட்டைத் தேடி எடுத்து வச்சிட்டார், சேறு தெறிக்கும்னு."

"எண்ணத் தெரியாதவங்க எட்டும்பாங்க" என்று சொல்லி ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் சிரித்தார்கள். எட்டு வருஷமாக மைதானத்தை எட்டிப் பார்க்காதவர்கள் கூட ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. லுத்விக் சொன்ன மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தாள். நினைத்ததும் பயம் இன்னும் கூடிற்று.

சனிக்கிழமை மாலை கொர்னெல் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வண்டிச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எஞ்சினுக்கு ஊற்றுகிற விளக்கெண்ணெய் வாடை கொட்டகை முழுக்க அடித்தது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து அவித்த கொழுக்கட்டைகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு ஆல்டோனா போனாள். சின்ன வயதில் ஒரே மூச்சில் இருபது தின்பவன். இன்று ஒன்றைக் கடித்துவிட்டு வைத்துவிட்டான்.

"உப்பு கம்மியா?"

"இல்லம்மா."

"நேத்தும் சாப்பிடல."

அவன் சங்கிலியையே துடைத்தான். ஏற்கெனவே பளபளத்த சங்கிலி. பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான். "அம்மா, அப்பாகிட்ட சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

"பண்றேன், சொல்லு."

"புதன்கிழமை பிராக்டிஸ்ல ரெண்டாவது வளைவு வரப்பல்லாம் கை தானா ஆக்ஸிலேட்டர மூடிடுது. நான் மூடல. கை மூடுது. மூணாவது விளம்பரப் பலகை இருக்கில்ல, அந்த வெளி ஓரம். அது கிட்ட வந்தா விழுந்த சத்தம் காதுல கேக்குது."

ஆல்டோனா தட்டை நகர்த்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப ஓட்டாதடா. வயித்து வலின்னு சொல்லிடு. நான் சொல்றேன்."

"நாளைக்கு ஓட்டலன்னா இனிமே என்னிக்குமே ஓட்ட மாட்டேன். அது எனக்குத் தெரியும்மா. பயத்தோட பாதில மூடறதுதான் ரொம்ப ஆபத்து, அதுவும் தெரியும். ஆனா ஓட்டணும்."

அவனை அதட்ட வேண்டும் என்று நினைத்தாள், கெஞ்ச வேண்டும் என்று நினைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிரவு அவள் கண்ணை மூடினால் மூன்றாவது விளம்பரப் பலகைதான் வந்தது. ஒரு பெயிண்ட் கம்பெனிப் பலகை, சிவப்பு வாளி படம்.

பந்தய நாளன்று காலை ஏழு மணிப் பூசைக்குப் போகாமல் லுத்விக் இருந்ததே இல்லை. முன்வரிசையில் முட்டி போட்டு மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வான். கொர்னெலும் கூடப் போனான். ஆல்டோனா தலைவலி என்றாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு மதில் கதவைத் திறந்தாள்.

குடலிறக்க ஆபரேஷன் ஆகி லுத்விக் படுத்திருந்த ஒரு கோடையில் ஓடுபாதை மண்ணை அமுக்குகிற ரோலரை ஓட்டியவள் அவள்தான். கை மறக்கவில்லை. இரண்டாவது வளைவின் வெளி ஓரத்தில், சிவப்பு வாளிப் பலகைக்கு முன்னால் முப்பது அடி நீளத்துக்கு ரோலரை முன்னும் பின்னும் விட்டாள். ஒன்பது தடவை. பொதபொதவென்றிருந்த மண் அமுங்கி அமுங்கிக் கடைசியில் தரை கெட்டியானது. குதிகாலால் குத்திப் பார்த்தாள். இறங்கவில்லை. இனி இங்கே பள்ளம் விழாது, வண்டி துள்ளாது.

ஆனால் லுத்விக் பார்த்தால் உடனே மறுபடி உழுதுவிடுவான். ஆகவே இரும்புப் பல் வைத்த வாருகோலால் பக்கத்திலிருந்து ஈர மண்ணை இழுத்து, கெட்டித்த இடத்தின் மேல் ஒரு விரற்கடை கனத்துக்குத் தூவினாள். ரோலர் தடத்தையும் கலைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். எது எந்த இடம் என்று அவளுக்கே தெரியவில்லை. சர்ச்சில் மணி அடித்தபோது வீட்டுக்கு வந்து கையிலிருந்த கருமண்ணைத் தேய்த்துக் கழுவினாள். இரண்டு நாளில் முதல் தடவையாகப் பசித்தது. இரண்டு முட்டை பொரித்துத் தின்றாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குள் டிக்கெட் ஜன்னலில் வரிசை ரோட்டைத் தொட்டது. ஜரெம்பா கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினார். ரெஃப்ரி வந்து ஓடுபாதையை ஒரு சுற்று நடந்து பார்த்தார், குடை நுனியால் நாலு இடத்தில் குத்தினார், ஆழமாகத்தான் இருக்கிறது என்று முகம் சுளித்தார், ஆனாலும் சீராக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். சிவப்பு வாளிப் பலகைக்கு முன்னால் அவர் குத்தவில்லை.

ஓட்டக்காரர்கள் தங்கும் இடத்துக்கு ஆல்டோனா டீக்கெட்டிலைக் கொண்டுபோனபோது, லுத்விக் தன் ஊர்ப் பையன்களையும் எதிரணியான ஸ்தாரபோல் ஊர்ப் பையன்களையும் கூட்டிவைத்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"பயப்படாம ஓட்டுங்கடா. ஆழம் ஒரு ஆபத்தும் இல்ல. கெட்டியும் ஆபத்து இல்ல. ஆழத்துலேருந்து திடீர்னு கெட்டிக்குப் போனாத்தான் சக்கரம் வழுக்கும், மறுபடி ஆழத்துல மாட்டினா ஆளத் தூக்கி எறிஞ்சிடும். அப்படி ஒரு எடமும் நான் வைக்கல. கண்ணால பாக்கற மண்ண நம்பி முறுக்குங்க. நடுவுலேருந்து வேலி வரைக்கும் ஒரே பதம்."

ஆல்டோனாவின் கையிலிருந்த கெட்டில் சாய்ந்து, சுடுதண்ணீர் செருப்பில் கொட்டிற்று. சுட்டது தெரியவில்லை.

இருபத்தைந்து வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? தெரியும். நூறு தடவை கேட்டிருக்கிறாள். காலையில் அந்த வளைவில் நிற்கும்போது பள்ளம் ஒன்றுதான் அவள் மண்டையில் இருந்தது. பயம் மற்ற எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டது.

"லுத்விக், ஒரு நிமிஷம் இங்க வா" என்றாள். அவன் திரும்புவதற்குள் ஜரெம்பா வந்து அவன் தோளில் கை போட்டார். "நகரசபை ஆளுங்க உன்னப் பாக்கணுங்கறாங்க. வா, வா. படிக்கட்டப் பாத்தியாடா? பாத்தியா?" லுத்விக்கின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் பந்தயம் நிற்கும். நின்றால் கூட்டம் கலையும், மைதானம் போகும், அவன் மானமும் போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பதையும் அவள் அறிவாள். கொர்னெலைத் தேடிப் போய் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளி ஓரத்துக்குப் போகாத. உள்ளேயே ஓட்டு. எனக்காகடா."

"சரிம்மா, சரி. எல்லாரும் பாக்கறாங்க, விடு."

தன் பிள்ளைக்குச் சொல்லியாயிற்று. மற்ற ஓட்டக்காரர்களுக்கு யார் சொல்வது? கடைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

முதல் ஓட்டத்திலேயே ஊர் எழுந்து நின்றுவிட்டது. கடைசியில் வந்தவன் நாலாவது வளைவில் வெளியே சுற்றிக்கொண்டு மூன்று பேரையும் தாண்டி முதலில் வந்தான். சேறு ஐந்தாவது வரிசை வரைக்கும் தெறித்தது, பேக்கரிக்காரியின் புருஷன் மழைக்கோட்டோடு குதித்தார். பார்க்க வந்தவர்கள் கையிலிருந்த அட்டையில் புள்ளி எழுத மறந்து கத்தினார்கள். ஆல்டோனா ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டாவது வளைவை மட்டும் பார்த்தாள். நாலு பேரும் அங்கே உள்ளேயே போனார்கள். ஒரு நிமிடம், முடிந்தது. மூச்சு விட்டாள். அடுத்தது.

மூன்றாவது ஓட்டம் தொடங்கும் முன் ஒரு பெண் டீ கேட்டாள். ஐம்பது வயதிருக்கும், ஸ்தாரபோல் ஊர் மஞ்சள் துண்டு போட்டிருந்தாள். டீயை வாங்கிக்கொண்டு நகராமல், ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிக் கடையோரமாக நின்றாள்.

"இங்கயே நின்னுக்கட்டுமா? எம் பையன் ஓட்டறான், நிகோதெம். மஞ்ச ஹெல்மெட். அவன் ஓட்டறப்ப என்னால பாக்க முடியாது. வீட்லயும் இருக்க முடியாது. ஊர் ஊரா வந்து எங்கயாவது டீக்கடை ஓரமாத்தான் நிப்பேன்."

"என் பையனும் ஓட்டறான்" என்றாள் ஆல்டோனா.

"அப்ப உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. என் பேரு டோரோத்தா." சிரித்தாள். "ஒரு உபகாரம் பண்றீங்களா? நீங்க பாத்து எனக்குச் சொல்லுங்க. ஜெயிச்சானான்னு வேணாம். விழாம நிக்கறானான்னு மட்டும் சொல்லுங்க."

ஆல்டோனா சொன்னாள். "போறான். ரெண்டாவது வளைவு தாண்டிட்டான். முடிஞ்சுது, நிக்கறான்." டோரோத்தா சிலுவை போட்டுக்கொண்டாள். கொர்னெல் ஓடியபோதும் சொன்னாள். கொர்னெல் உள்ளேயே ஒட்டிப் போய் மூன்றாவதாக வந்தான். இரண்டாம் முறை இரண்டாவதாக வந்தான். எட்டாவது ஓட்டம் முடிந்தபோது, மொத்தம் பதினைந்தில் இன்னும் ஏழு ஓட்டம்தான், எல்லாரும் உள்ளேயே போகிறார்கள், தப்பித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றிற்று.

அப்போதும் ஒருமுறை வாயைத் திறந்தாள். "உங்க பையன்கிட்ட போய், ரெண்டாவது வளைவுல வெளிய..."

"அய்யோ, நான் போய்ச் சொன்னா கத்துவான்" என்றாள் டோரோத்தா. "பத்தொம்போது வயசு. அம்மா பேச்சக் கேக்கற வயசா? உங்களது கேக்குதா?"

ஒன்பதாவது ஓட்டத்துக்கு நாலு எஞ்சின்கள் உறுமின. கொர்னெல் சிவப்பு ஹெல்மெட், நிகோதெம் மஞ்சள். வெள்ளை ஹெல்மெட்காரன் முதலில் போனான், கொர்னெல் இரண்டாவது, நிகோதெம் ஒட்டிப் பின்னால். முதல் சுற்று அப்படியே போயிற்று. ஆல்டோனா சொல்லிக்கொண்டே வந்தாள். "போறான். தாண்டிட்டான்."

இரண்டாவது சுற்றில் நிகோதெம் வண்டியை அகலமாக விட்டான். இரண்டு பேரையும் ஒரே வீச்சில் தாண்டுவதற்காக வெளி ஓரத்தில், வேலியை ஒட்டி, முழுக்க முறுக்கிக்கொண்டு போனான். கூட்டம் ஓவென்று எழுந்தது. சிவப்பு வாளிப் பலகைக்கு முன்னால் அவன் பின்சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் போயிற்று. முப்பது அடி தாண்டி ஆழ மண்ணில் மாட்டியதும் வண்டி எகிறி நேராக வேலியில் பாய்ந்தது. பலகை உடைந்தது. மஞ்சள் ஹெல்மெட் ஒருமுறை மேலே தெரிந்தது, பிறகு காணவில்லை.

"சொல்லுங்க" என்றாள் டோரோத்தா. "நிக்கறானா?"

மைதானம் மொத்தமும் அடங்கிப்போன அந்த அமைதியிலேயே டோரோத்தாவுக்குப் புரிந்துவிட்டது. கப்பைக் கீழே போட்டுவிட்டு ஆல்டோனாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க. எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது. கூட வாங்க." இருவரும் ஓடினார்கள்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றும்போது லுத்விக் அந்த வளைவில் மண்டியிட்டிருந்ததை ஆல்டோனா பார்த்தாள். கையால் மண்ணைத் தள்ளிவிட்டு அடியில் தட்டிப் பார்த்தான். எழுந்து குதிகாலால் குத்தினான். பிறகு நிமிர்ந்து கூட்டத்துக்கு நடுவே அவளை மட்டும் பார்த்தான். அந்த ரோலரை ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர்.

டோரோத்தாவோடு அவளும் ஆம்புலன்ஸில் ஏறினாள். நிகோதெமின் கழுத்தில் பட்டை மாட்டியிருந்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை.

"என் தப்புதாம்மா" என்றான். "மண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் சீக்கிரமா முறுக்கிட்டேன். எனக்கு ஓட்டத் தெரியல. எனக்கு வராதும்மா."

"பேசாதடா" என்றாள் டோரோத்தா. அவளுடைய ஒரு கை இன்னும் ஆல்டோனாவின் கையைப் பிடித்திருந்தது.

"உன் தப்பு இல்லப்பா" என்றாள் ஆல்டோனா. "மேல தூவின மண்ணு அது. அடியில கெட்டி. காலைல நான் ரோலர் விட்டேன். என் பையன் அங்க விழுந்துடுவானோன்னு பயந்து விட்டேன். தெரிஞ்சதுக்கு அப்புறமும் யார்கிட்டயும் சொல்லல."

டோரோத்தா அவளைப் பார்த்தாள். திட்டவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு மகனின் பூட்ஸைக் கழற்றினாள், காலுறையை உருவினாள். "நிகோ, எங்க தொடறேன் சொல்லு."

"தொடறியா?"

"இப்ப?"

அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். "இடது கால்" என்றான். "கட்டை விரல்."

"இது?" என்று வலது காலைப் பிடித்தாள்.

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் இருந்த டாக்டர், டோரோத்தாவின் கையை விலக்கினார்.

"எறங்குங்க" என்றாள் டோரோத்தா, ஆல்டோனா பக்கம் திரும்பாமலே. அவள் இறங்கினாள். கதவு சாத்தப்பட்டு வண்டி போயிற்று.

கூட்டம் ஒருவர் கூடக் கலையாமல் காத்திருந்தது. மறு ஓட்டத்துக்கு ஓட்டக்காரர்களை அழைத்துக்கொண்டிருந்தார்கள். லுத்விக் ரெஃப்ரியின் கூண்டுக்குக் கீழே நின்று, "நான்தான் அங்க ரோலர் விட்டேன், என் தப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஜரெம்பா அவன் வாயைப் பொத்தாத குறையாக, "இப்ப சொல்லாதடா, ராத்திரி பேசிக்கலாம், நகரசபை ஆளுங்க கை தட்டினாங்கடா" என்று கெஞ்சினார்.

ஆல்டோனா ஓடுபாதையை நேராகக் கடந்து போனாள். சேற்றில் கால் புதைந்தது. "அவர் பொய் சொல்றார்" என்றாள் ரெஃப்ரியிடம். "அவர் பூசைல இருந்தார். நூறு பேர் பாத்திருக்காங்க. செஞ்சது நான்."

ரெஃப்ரி அவளைப் பார்த்தார், லுத்விக்கைப் பார்த்தார், லுத்விக் தலை குனிந்தான். செய்தது யார் என்பதையும் சொல்லி, பந்தயம் ரத்து என்று ஒலிபெருக்கி அறிவித்தபோது மைதானம் ஊளையிட்டது. யாரோ சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை எறிந்தார்கள், அவள் தோளில் பட்டுச் சிதறியது. ஜரெம்பா கழுத்துப்பட்டையை அவிழ்த்துக்கொண்டு ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். லுத்விக் அவளிடம் ஒன்றும் பேசவில்லை. டிராக்டரை எடுத்துக்கொண்டு அந்த முப்பது அடியை உழப்போனான், உழுது ஒரு பயனும் இல்லையென்று தெரிந்தும்.

கொர்னெல் தன் வண்டிக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் மடியில் இருந்தது. ஒலிபெருக்கியில் சொன்னதெல்லாம் அவன் காதிலும் விழுந்திருந்தது. ஆல்டோனா எதிரே போய் நின்றாள். எப்படியும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, முழுசாக இருக்கிறான் என்று அவள் நெஞ்சு ஒரு கணம் சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்தை அவள் வெட்கத்தோடு அடக்கிக்கொண்டாள்.

"கோவமாடா?"

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று.

"இன்னிக்கு பயம் விட்டுப்போச்சும்மா. ரெண்டாவது ஓட்டத்துலேயே விட்டுடுச்சு. அப்பா போட்ட மண்ணு, ஒண்ணும் ஆகாதுன்னு தோணிச்சு." நிறுத்தி மூச்சு வாங்கினான். "அடுத்த சுத்துல நான் அங்கதான் வெளிய போறதா இருந்தேன். அவன் ஒரு சுத்து முன்னாடி போயிட்டான்."